தீர்வை கேட்ட ஊர்

அரசாங்கத்திடம் போய், "எங்களுக்கு இன்னும் வரி போடு" என்று பதாகை பிடித்து, கடைசியில் அரசாங்கமே கண்கலங்கி, "இதற்கு மேல் போட இடமில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று கைகூப்பும்படி செய்த மனிதன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். சந்திரனில் கால் வைத்தவர்கள்கூடப் பல பேர் இருக்கிறார்கள். இதைச் செய்தவன் வேறு எவனும் இல்லை.

சிரித்து முடித்துவிட்டீர்களா? சரி.

என் பெயர் கிறிஸ்தோப்பர். நாயாற்றுப் பக்கம் கிராம அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். சனத்துக்கு இன்றைக்கும் நான் விதானையார்தான். வேலையில் இருந்த காலத்தில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் ஒருவன் உயிரோடிருக்கிறான் என்று அரசாங்கம் நம்பும். ஓய்வு பெற்ற மறுநாள் நான் "இண்டைக்கு நல்ல வெயில்" என்று சொன்னேன். கேட்டவன் வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தான். அதற்குக் காரணம் உண்டு. நான் பொய் சொல்வதில்லை. நடந்ததைக் கொஞ்சம் வளர விடுவேன், அவ்வளவுதான். நாயாற்றில் நான் பிடித்த ஒரு கொடுவா மீன் அன்றைக்கு என் முழங்கை நீளம் இருந்தது. இப்போது அது என்னைவிட உயரம். செத்த மீன் வளராது என்று யார் சொன்னது?

இந்த விசயம் இராசாத்தியின் கடையில் தொடங்குகிறது.

எங்களூரில் பெற்றோல் நிரப்பும் செட் கிடையாது. முல்லைத்தீவுக்குத்தான் போக வேண்டும். போய் அடித்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் அடித்தது தீர்ந்து, திரும்பவும் அடிக்கப் போய், இப்படியே போய்ப்போய் வந்து தலை நரைத்தவர்கள் எங்களூரில் இருக்கிறார்கள். ஆகையால்தான் எங்களுக்கு இராசாத்தி. சந்தியில் பூவரச மரத்தடியில் ஒரு பலகைத் தட்டு. தட்டில் வரிசையாகப் போத்தல்கள், போத்தல்களில் பெற்றோல். காலை வெயில் அதில் பட்டால் மாதா கோயிலின் நிறக் கண்ணாடி யன்னலைப் பார்ப்பது போலிருக்கும். தம்பியின் மோட்டார் சைக்கிளில் கலன்களைக் கட்டி முல்லைத்தீவிலிருந்து எடுத்து வருவாள். ஏற்றி வந்த கூலிக்கென்று செட் விலைக்கு மேல் சிறு தொகை வைப்பாள். வள்ளத்துக்கும் அதுதான், மோட்டார் சைக்கிளுக்கும் அதுதான். இப்படிப் போத்தலில் விற்பது சட்டப்படி சரியா என்று ஓய்வு பெற்ற அரசாங்க உத்தியோகத்தனைக் கேட்காதீர்கள். அந்தப் பக்கம் எனக்குக் கண்பார்வை கொஞ்சம் மங்கல்.

இராசாத்திக்கு அந்தத் தட்டை விட்டால் வேறு வருமானம் இல்லை. அதற்குத்தான் செல்வராசா கல்லெறிந்தான்.

செல்வராசா எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் செயலாளர். பொல்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். சரியானவன். அதுதான் கரைச்சலே. சுவாமியார் பூசையில் ஒரு பெயரை மாற்றி வாசித்தால் முன் வாங்கிலிருந்து திருத்துவான். கடலில் எத்தனை அலை என்று கேட்டால், "எந்தக் கரையில?" என்று கேட்பான். யாராவது ஒரு விசயத்தைப் பிழையாகச் சொன்னால் அவனுக்கு உடம்பு கடிக்கும். திருத்தும்வரை சொறிந்துகொண்டே இருப்பான். நானும் அவனும் ஒரே ஊரில் இத்தனை வருடம் குடியிருந்தது உலக அதிசயங்களில் ஒன்று.

ஒருநாள் ரேடியோவில், உலகச் சந்தையில் எண்ணெய் விலை விழுந்துவிட்டது என்று செய்தி வந்தது. எங்கள் விலை விழவில்லை. செல்வராசா யோசித்தான். எங்கள் சனத்துக்கு விலை என்றால் ஒரே பாடம்தான் தெரியும்: கரையில் எங்களிடம் வாங்கும் மீன் கொழும்பில் வேறு விலைக்குப் போகிறது, நடுவில் நிற்பவன் தின்கிறான். மொத்தமாக எடுப்பவனுக்குப் பாதி விலை. மீனுக்கு அப்படியென்றால் பெற்றோலுக்கும் அப்படித்தானே? அவன் பெற்றோலுக்கு நடுவில் நிற்பவனைத் தேடினான். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பார்த்தான். சந்தியில் இராசாத்தி நின்றாள்.

"இராசாத்தி, நீ கலன் கணக்கில எடுக்கிறாய். மொத்தமா எடுக்கிற ஆக்களுக்குப் பாதி விலைக்குத்தானே குடுப்பினம்?" என்று போய்க் கேட்டான்.

"ஆர் அண்ணை அப்பிடிக் குடுக்கிறது? நானும் செட்டில மோட்டார் சைக்கிள்காரருக்குப் பின்னால லைனில நிண்டுதான் எடுக்கிறன்."

"லைனில நிண்டா விலை குறைக்கமாட்டினம் எண்டு ஆர் சொன்னது?"

"அப்ப நீங்களே போய்ச் செட்காரரைக் கேளுங்கோவன்."

"கேட்டா அவன் சொல்லுவானோ? அவனும் நீயும் ஒரே போத்தலுக்குள்ளதானே."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சனம் சிரித்துவிட்டுப் போயிருக்கும். சொன்னவன் செல்வராசா. அவன் பிழை சொல்லமாட்டான் என்று ஊருக்கே தெரியும். அந்தக் கிழமையே ஆட்கள் முறைவைத்து முல்லைத்தீவுக்குப் போய் எடுத்துவரத் தொடங்கினார்கள். இராசாத்தியின் போத்தல்களில் தூசி படிந்தது.

"மாதா கோயில் பெருநாள் வரும் மட்டும் பாப்பன், விதானையார்," என்றாள் அவள் என்னிடம். "பிறகு வவுனியாவில தங்கச்சியிட்டப் போறன். கள்ளி எண்டு பேர் கேட்டுக்கொண்டு இந்தச் சந்தியில இருக்கேலாது."

"பிள்ளை, நீ போனால் நாயாறே வத்திப் போகும்," என்றேன். உண்மையில் நான் அவளிடம்தான் என் மோட்டார் சைக்கிளுக்கு அடிப்பேன். செட்டுக்குப் போக எனக்கு இடுப்பு விடாது.

அந்த நேரம் பார்த்து எங்களூருக்கு நடமாடும் சேவை வந்தது. அரசாங்கக் கந்தோர்களெல்லாம் மேசை கதிரைகளோடு ஒருநாளைக்கு ஊருக்கே வந்து உட்காரும் நிகழ்ச்சி அது. மாதா கோயில் மண்டபத்தில் அடையாள அட்டை ஒரு மூலை, பிறப்புப் பதிவு ஒரு மூலை, இலவச மூக்குக் கண்ணாடி இன்னொரு மூலை. கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரியும் வருகிறார், எரிபொருள் விலைக் கணக்கெல்லாம் அவர் கையால்தான் போகிறது என்று கேள்வி. எந்தக் கந்தோர் என்று சொல்லமாட்டேன். எனக்குப் பென்சன் வந்துகொண்டிருக்கிறது.

சங்கம் கூடியது. எரிபொருள் விலை பற்றிப் பதாகை பிடிப்பதென்று முடிவாயிற்று. கூட்டத்தின் பின்னாலிருந்து இராசாத்தி எழும்பினாள்.

"செல்வராசா அண்ணை, அந்த ஐயாவிட்டயே கேப்பம். மொத்தத்துக்கு விலை குறைவு எண்டு அவர் சொன்னா, நான் அண்டைக்கே கடையைப் பூட்டுறன். இல்லையெண்டு சொன்னா, நீங்கள் இந்தச் சனத்துக்கு முன்னால அதைச் சொல்லவேணும்."

"சொல்லுறன். நான் உள்ளதை மட்டும்தான் சொல்லுறனான்," என்றான் செல்வராசா, என்னைப் பார்த்துக்கொண்டு.

பதாகை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் ஒரு பதாகையைத் தொட எனக்கு அனுமதி இல்லை. அந்த ஆசையை எல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். எழுத வேண்டியது இதுதான்: "எரிபொருள் விலைக்கு உடனே தீர்வைத் தா!" துணிக்குச் சங்கக் காசில் கைவைக்க செல்வராசா விடவில்லை. சங்கக் கட்டடத்தின் பழைய யன்னல் சீலையைக் கழற்றிக்கொண்டு வந்தான். நான் ஆசையில் பெரிதாக ஆரம்பித்துவிட்டேன். முதல் எழுத்தான 'எ'னாவை இந்தியாவில் இருந்தே வாசித்திருப்பார்கள். 'உடனே' வரும்போது எழுத்து ஆள் உயரத்திலிருந்து சாண் உயரத்துக்கு இறங்கியது. 'தீர்வை' வந்தபோது சீலையின் ஓரம் வந்துவிட்டது. 'தா!' என்பதற்கு மட்டும் இடம் இருந்தது. நடுவில் வரவேண்டிய 'த்'துக்கு இல்லை.

"செல்வராசா, இன்னும் ஒரு சாண் துணி வேணும்."

"சங்கத்தில காசில்லை."

"ஒரு எழுத்துக் குறையுது காணும்!"

அவனுக்கு உடம்பு கடிக்கத் தொடங்கியதை நான் பார்த்தேன். எழுத்தா, சங்கக் காசா? கழுத்தைச் சொறிந்தான், கையைச் சொறிந்தான். கடைசியில் காசு வென்றது. "பிழைதான். ஆனா விடும். புள்ளி வைச்ச ஒரு எழுத்தை ஆர் பாக்கப் போகினம்," என்றான்.

தமிழ் தெரிந்த உங்களுக்கு விளங்கியிருக்கும். 'தீர்வைத் தா' என்றால் இந்தச் சிக்கலைத் தீர்த்துத் தா என்று பொருள். 'தீர்வை தா' என்றால், வெளிநாட்டுச் சாமான் துறைமுகத்தில் இறங்கும்போது அரசாங்கம் போடுகிறதே ஒரு தீர்வை, அந்த வரி. அதைத் தா.

அன்றைக்குக் காலை எங்கள் பதாகைக்குப் பின்னால் வருவதாக முப்பது பேர் சத்தியம் பண்ணியிருந்தார்கள். மண்டபத்துக்குள் கண்ணாடி இலவசம் என்று கேட்டதும் முப்பது பேரும் அந்த வரிசையில் போய் நின்றுவிட்டார்கள். ஊரில் இவ்வளவு பேருக்குக் கண் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வாசலில் பதாகையின் ஒரு நுனியை நான் பிடித்தேன். மறுநுனியைச் செல்வராசா பிடித்தான். பக்கத்தில் இராசாத்தி, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. அவ்வளவுதான் எங்கள் போராட்டம்.

வெக்கை தாங்காமல் பெரிய அதிகாரி விறாந்தைக்கு வந்தார். யாரோ ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க மாவட்டக் கச்சேரிக் கந்தோரிலிருந்து நிதர்சனா என்ற பிள்ளை கூட வந்திருந்தாள். தமிழைப் படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளை. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி சொல்வதுதான் அவள் வேலை. அதிகாரி பதாகையைக் காட்டி என்ன என்று கேட்டார். அவள் வாசித்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பவும் வாசித்தாள். பிறகு சிங்களத்தில் சொன்னாள்.

அதிகாரி இளநீரை வாயிலிருந்து எடுத்தார்.

"ஐயா கேக்கிறார்," என்றாள் நிதர்சனா, "எரிபொருளுக்குத் தீர்வை போடச் சொல்லியோ நீங்கள் கேக்கிறீங்கள் எண்டு."

"ஐயோ பிள்ளை! நாங்கள் தீர்வெல்லோ கேட்டனாங்கள்," என்றாள் இராசாத்தி.

"தீர்வெண்டா அதில ஒரு 'த்' வரவேணுமே, அக்கா. 'த்' எங்க?"

"துணி போதாமப் போச்சு, பிள்ளை," என்றேன் நான். செல்வராசா தன் செருப்பைப் பார்த்தான்.

நிதர்சனா வாயைக் கைலேஞ்சியால் பொத்திக்கொண்டு, திருத்திச் சொல்லத் திரும்பினாள். அதற்குள் அதிகாரி பேசத் தொடங்கிவிட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருட உத்தியோகத்தில் அவரிடம் எல்லோரும் குறை, குறை என்றுதான் கேட்டிருப்பார்கள். போடு என்று கேட்ட முதல் மனிதர்கள் நாங்கள். மனிதருக்கு உள்ளம் உருகிவிட்டது.

"இப்ப மாத்திச் சொல்லாதேங்கோ, பிள்ளை," என்றேன் மெதுவாக. "மனுசன் கதைக்கட்டும்."

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விலை ஏன் இப்படி என்று நாங்கள் முன்பும் கேட்டிருக்கிறோம். டொலர் என்பார்கள், உலகச் சந்தை என்பார்கள், பார்ப்போம் என்பார்கள். அதிகாரிகளிடம் தீர்வைக் கேட்டால் தலையைச் சொறிவார்கள். தீர்வை கேட்டால் வாயைத் திறப்பார்கள். எல்லாம் ஒரு மெய்யெழுத்தில் இருக்கிறது.

"கவலைப்படாதேங்கோவாம்," என்று நிதர்சனா அவர் சொல்லச் சொல்லத் தமிழில் தந்தாள். "தீர்வை ஏற்கெனவே போட்டிருக்காம். கப்பலால இறக்கேக்கயே ஒண்டு. பிறகு உற்பத்தி வரி எண்டு இன்னொண்டு. பிறகு அதெல்லாத்தையும் விலையோட கூட்டி, கூட்டின தொகைக்கு மேல வற் வரி."

"வரிக்கும் வரியோ?" என்றேன்.

"ஓமாம். இன்னும் சில்லறையா ஒண்டு ரண்டு இருக்காம்."

"எல்லாம் சேத்து எவ்வளவு வரும்?" கேட்டது செல்வராசா. கணக்கென்று வந்தால் அவன் வாய் அவனைக் கேட்காமல் திறந்துவிடும்.

"மாறி மாறி வருமாம். பெற்றோல் விலையில மூண்டில ஒரு பங்கு மட்டில, சில நேரம் கொஞ்சம் கூட. அதில சிலது லீற்றருக்கு இவ்வளவு எண்டு குத்தி வைச்ச வரியாம். எண்ணெய் விலை விழுந்தாலும் அது விழாதாம்."

இராசாத்தி ஒரு அடி முன்னால் வந்தாள். "பிள்ளை, ஐயாவிட்ட ஒண்டு கேளுங்கோ. நான் கலன் கணக்கில எடுக்கிறன். மொத்தமா எடுத்தா செட்டில விலை குறைப்பினமோ?"

அதிகாரி இல்லையென்று தலையாட்டினார். மொத்தமோ சில்லறையோ, செட்டில் எல்லோருக்கும் ஒரே விலைதான் என்றார்.

"அப்ப நடுவில நிண்டு திண்டது ஆர் எண்டு கேளுங்கோ."

நிதர்சனா கேட்கத் தயங்கினாள். பிறகு கேட்டாள்.  அதிகாரி சிரித்து, இளநீர்க் கோம்பையால் தன் நெஞ்சையே தொட்டுக் காட்டினார்.

"நாங்கள்தானாம்," என்றாள் நிதர்சனா. "ஆனா திண்டு ஏப்பம் விடேல்லையாம். ரோட்டு, பள்ளிக்கூடம், ஆசுப்பத்திரி, பழைய கடன் எல்லாத்துக்கும் அதிலயிருந்துதான் போகுதாம். பென்சனுக்கும்."

இராசாத்தி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பதாகையின் நுனியை முகம்வரை உயர்த்திப் பிடித்தேன்.

போகும்போது அதிகாரி சொன்னார், இனிமேல் வரி கேட்டு வந்தால் போடுவதற்கு இடமில்லை, மன்னிக்க வேண்டும் என்று. கண் கலங்கியது. கை கூப்பியது. நான் பார்த்தேன்.

பதாகையைப் போட்டுவிட்டு மண்டபத்துக்குள் ஓடினேன். முப்பது பேரும் புதுக் கண்ணாடியோடு ஒருவரையொருவர் யாரென்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சொல்லத் தொடங்கினேன். என்னால் முடியுமா? அதிகாரி அழுதார் என்றேன். இளநீர் கண்ணீரால் நிறைந்தது என்றேன். இராசாத்திக்கு அவர் சல்யூட் அடித்தார் என்றேன். சனம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு செல்வராசாவைப் பார்த்தது.

"என்ன செல்வராசா அண்ணை, நடந்ததோ?"

செல்வராசா வாசலில் சீலையை மடித்துக்கொண்டிருந்தான். ஓம் என்றால் இராசாத்தியிடம் தலை குனிய வேண்டும். ஒரு சாண் துணிக்காக ஊரை வரி கேட்க வைத்தவன் என்ற பெயரும் சேர்ந்து வரும். மடித்த சீலையை இன்னொருமுறை மடித்தான்.

"விதானையார் சொல்லுறமாதிரி ஒண்டும் நடக்கேல்ல," என்றான்.

பாருங்கள் அவனை! ஒரு சொல் பொய்யில்லை. நான் சொன்ன மாதிரி எதுவும் நடக்கவில்லைதான். ஆனால் ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது? விதானையார் வழக்கம்போலப் புழுகுகிறார், பாவம் இராசாத்தி ஒத்தூதுகிறாள் என்று எடுத்துக்கொண்டது. நிதர்சனாவைக் கூட்டி வரலாமென்றால் அவளுக்கு மன்னாருக்கு மாற்றம் வந்துவிட்டது.

இராசாத்தி என்னோடு கோபித்துக்கொண்டாள். "ஒரு நாளைக்கெண்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கலாம்தானே? அப்பிடிச் சொல்லியிருந்தா செல்வராசா அண்ணைக்கு அந்தப் பொட்டுக்குள்ளால போக ஏலாது."

நான் அதைப் படுத்துக்கொண்டும் யோசித்தேன், நின்றுகொண்டும் யோசித்தேன். வேலியில் பொட்டு என்று ஒரு ஓட்டை இருந்தால் அதன் வழியாகப் போகவும் முடியும், வரவும் முடியுமல்லவா?

பெருநாள் முடிந்தது. அடுத்த கிழமை ஒரு காலை, மீன் லொறி கரையில் மீன் வாங்கும் வாடிக்கு முன்னால் வந்து நின்றது. லொறிக்காரர் பழனியாண்டி; மலையகத்து வழி வந்தவர், வவுனியாவில் குடியிருக்கிறார். மீன் பெட்டிகளை ஏற்றிய பிறகு, பின்பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் இராசாத்தியின் அலுமாரி ஏறியது. அவளும் தம்பியும் பலகைத் தட்டைக் கழற்றிக் கொண்டுவந்து சாய்த்து வைத்தார்கள். வள்ளங்கள் வந்து சேர்ந்த நேரம். கரையில் ஆட்கள் நிறைய. செல்வராசா கொஞ்சம் தள்ளிக் குந்தியிருந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தான். லொறிப் பக்கம் பார்க்கவேயில்லை.

"ஏங்க விதானையார் ஐயா, இந்தக்கா ஏன் போறாங்க?" என்று கேட்டார் பழனியாண்டி.

"அதைக் கேளும்!" என்று நான் மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். குரலைச் செல்வராசாவின் காது தாண்டிப் போகும் அளவுக்கு உயர்த்தினேன். "கொழும்பு ஐயா வந்தவர். நாங்கள் பதாகை பிடிச்சம். அவரைக் கண்டவுடன எங்கட செல்வராசா சடாரெண்டு முழங்கால்ல விழுந்தான்."

நண்டு கழற்றும் கை நின்றது.

"விழுந்து, ஐயாவின்ர காலைப் பிடிச்சு, 'இன்னும் வரி போடுங்கோ ராசா' எண்டு கத்தி அழுதான். ஐயாவும் அழுதார். ரண்டு பேரும் கட்டிப்பிடிச்சு…"

"ஆர் விழுந்தது?" செல்வராசா கழுத்தைச் சொறிந்தான். "நான் விழேல்ல. சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். ஐயாவும் அழேல்ல; அது வேர்வை."

"கைகூப்பினவர்."

"கூப்பேல்ல! இளநீரை ரண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு நிண்டவர்!"

கரையில் நின்ற ஆட்கள் ஒருவர் ஒருவராகக் கிட்ட வந்தார்கள். நான் அவனைப் பார்க்காமல் பழனியாண்டிக்கே சொன்னேன். "பிறகு ஐயா வரிக் கணக்குச் சொன்னார். பத்து ரூபாவில ஒன்பது ரூபா வரி எண்டார்."

"மூண்டில ஒரு பங்கு!" செல்வராசா எழும்பிவிட்டான். நண்டு ஒன்று அவன் இடுப்புச் சாரத்தில் தொங்கிக்கொண்டு வந்தது. "மூண்டில ஒரு பங்கு மட்டில, சில நேரம் கொஞ்சம் கூட எண்டுதான் சொன்னவர். ஒன்பதாம்! என்ன கணக்குக் காணும் இது?"

இனி மிச்சமிருந்தது ஒன்றுதான். இராசாத்தி லொறியின் படியில் கால் வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னேன். "கடைசியா ஐயா சொன்னார், இராசாத்தி மொத்தமா எடுக்கிறபடியால் அவளுக்குச் செட்டில பாதி விலைதான் எண்டு. நான் என்ர ரண்டு காதாலயும் கேட்டனான்."

"விதானையார்!" என்றாள் இராசாத்தி. அந்தக் குரலை நான் மறக்கமாட்டேன்.

"பொய்!" அதைவிடப் பெரிதாகக் கேட்டது செல்வராசாவின் குரல். கை இரண்டாலும் சொறிந்துகொண்டு கூட்டத்துக்கு நடுவில் வந்துவிட்டான். "முழுப் பொய்! மொத்தமெண்டாலும் சில்லறையெண்டாலும் எல்லாருக்கும் ஒரே விலை எண்டுதான் அந்த மனுசன் சொன்னவர்! நடுவில நிண்டு எடுக்கிறது தாங்கள்தான் எண்டு நெஞ்சைத் தொட்டுக் காட்டினவர்! இராசாத்திக்கு ஒரு சதமும் குறைச்சுக் குடுக்கேல்ல. நீர் இப்பிடி ஒரு பொம்பிளையின்ர பேரில…"

அங்கே நிறுத்தினான்.

 சனமெல்லாம் அவனைப் பார்த்தது. அவன் சுற்றிவரப் பார்த்துவிட்டு, சாரத்தில் தொங்கிய நண்டை மெதுவாகக் கழற்றினான். அது கையைக் கடித்தது. அவன் சத்தம் போடவில்லை.

பழனியாண்டி தலையைச் சொறிந்தார். "எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க. அப்ப அது நடந்துச்சா, இல்லியா? ஐஸ் கரையுது. இந்த அலுமாரிய நான் கயிறு போட்டுக் கட்டணுமா, எறக்கணுமா?"

இராசாத்தி படியிலிருந்து காலை எடுக்கவில்லை. "அவரைக் கேளுங்கோ," என்றாள்.

செல்வராசா நண்டைக் கூடைக்குள் போட்டான். கையைச் சாரத்தில் துடைத்தான். பிறகு சனத்தைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், அவளை மட்டும் பார்த்துச் சொன்னான்.

"இறக்கு, பழனியாண்டி. நடந்தது."